பள்ளியிலிருந்து நேராக என்பிஏ போன கெவின் கார்னெட்: மின்னசோட்டாவில் இருந்த 12 வருடம் வீணா?

ரீபவுண்ட் ராசா எழுதியது:

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) நட்சத்திரங்களான லெப்ரான், கோபி பற்றி ஓடிய இழையில் ஒருத்தர் போகிற போக்கில், "கார்னெட்டா? பாஸ்டன்ல போய் ஒட்டிக்கிட்டு ஒரே ஒரு கோப்பை வாங்கினவர்தானே" என்று எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனி இழை.

முதலில் ஆள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1976 மே 19, தென் கரோலினா மாநிலம் கிரீன்வில்லில் பிறந்தவர். பக்கத்து ஊரான மால்டினில் வளர்ந்தார். மால்டின் பள்ளியில் மூன்றாவது வருடம் படிக்கும்போதே, 1994-ல், மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரர் பட்டம். அதே வருடம் பள்ளி வராந்தாவில் கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கிடையே அடிதடி. கைதான மாணவர்களில் இவரும் ஒருவர். வழக்கு பிறகு பதிவிலிருந்தே நீக்கப்பட்டது, ஆனால் அந்த ஊரில் படிப்பைத் தொடர முடியவில்லை. கோடைக்கால நைக்கி முகாமில் இவரைப் பார்த்திருந்த வில்லியம் நெல்சன் சிகாகோவில் ஃபாரகட் பள்ளியின் கோச். கடைசி வருடப் படிப்புக்கு அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஃபாரகட்டில் அந்த ஒரு சீசன் மட்டும்: 28 வெற்றி, 2 தோல்வி. சராசரியாக ஆட்டத்துக்கு 25 புள்ளி, 18-ஐ ஒட்டி ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஆறுக்கு மேல் அசிஸ்ட், ஆறுக்கு மேல் ப்ளாக் (எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது). கடைசி இரண்டு எண்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். உயரமான பையன் ப்ளாக் பண்ணுவான், சரி. ஆனால் கிட்டத்தட்ட ஏழடி உயரம் இருக்கிற பையன் ஆட்டத்துக்கு ஆறு முறை மற்றவனுக்குப் புள்ளி எடுத்துக் கொடுக்கிறான் என்றால், அவன் ஆட்டத்தை வேறு மாதிரி பார்க்கிறான் என்று அர்த்தம். யூஎஸ்ஏ டுடே பத்திரிகை நாட்டின் சிறந்த பள்ளி வீரர் என்றது. நாட்டின் சிறந்த பள்ளி வீரர்கள் ஆடும் மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் ஆட்டத்திலும் அவருக்கே சிறந்த வீரர் விருது.

1995 ஜூன் 28 டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்) ஐந்தாவது ஆளாக மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் எடுத்தது. 2008 ஜூன் 17 பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சாம்பியன். நடுவில் 13 வருடம், அதில் 12 மின்னசோட்டாவில்.

என் கட்சி இதுதான்: 2008-ல் கோப்பை தூக்கிய கார்னெட்டும் 2004-ல் தோற்றுப்போன கார்னெட்டும் ஒரே ஆட்டக்காரர். மாறினது சுற்றி நின்றவர்கள். அந்த 12 வருடம் வீண் இல்லை. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

---

புது ஆட்டக்காரன் எழுதியது:

ராசா அண்ணே, ஒரு சந்தேகம். அமெரிக்காவுல எல்லாரும் காலேஜ் டீம்ல ஆடிட்டுத்தானே என்பிஏ வருவாங்க? இவர் மட்டும் ஏன் நேரா போனார்? காலேஜ் எடுத்துக்கலையா?

---

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

தம்பி, எடுத்துக்க எல்லாக் கல்லூரியும் தயாராகத்தான் இருந்தது. தடையாக நின்றது நுழைவுத்தேர்வு. கல்லூரி அணியில் முதல் வருடமே ஆட வேண்டுமென்றால் அதில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். அது உரிய நேரத்தில் வரவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்திருப்பதா, பணம் வரும் தொழிலுக்குப் போவதா என்ற கேள்வி வந்தது.

நேராகப் போனவர்கள் முன்னாலும் உண்டு. 1974-ல் மோசஸ் மலோன் பள்ளி முடித்த கையோடு, என்பிஏவுக்குப் போட்டியாக அப்போது இருந்த ஏபிஏ லீக்கில் யூட்டா அணிக்குப் போனார். 1975-ல் டாரில் டாக்கின்ஸ், பில் வில்லபி இருவரும் என்பிஏ டிராஃப்டில் போனார்கள். அதற்குப் பிறகு இருபது வருடம் யாரையும் எந்த அணியும் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. மூடிக் கிடந்த கதவு அது. அதனால்தான் 1995 டிராஃப்டுக்கு முன்னால் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் கார்னெட் படத்தை அட்டையில் போட்டு, பையன் தயாரா இல்லையா என்று கேட்டது.

டிராஃப்டுக்கு முன் சிகாகோவில் ஒரு சோதனை ஆட்டம் வைத்தார்கள். மேல் வரிசையில் தேர்வு வைத்திருந்த அணிகளின் மேலாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மின்னசோட்டா சார்பில் கெவின் மெக்ஹேலும் ஃபிலிப் சாண்டர்ஸும் (எல்லோரும் கூப்பிடுவது ஃப்ளிப்) போனார்கள். போகும்போது அவர்கள் போட்ட திட்டம் என்ன தெரியுமா? பையனை வானளாவப் புகழ்ந்துவிட்டு வருவது, அதைக் கேட்டு முன்னால் இருக்கிற ஏதாவது அணி அவனை எடுத்துக்கொள்ளும், கல்லூரியிலிருந்து வரும் நல்ல ஆள் ஒருவன் நமக்கு மிஞ்சுவான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் பயம் வந்துவிட்டது. முன்னால் இருக்கிற யாராவது நிஜமாகவே இவனை எடுத்துவிடப் போகிறார்களே என்று. ஜோ ஸ்மித், ஆன்டோனியோ மெக்டைஸ், ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், ரஷீத் வாலஸ் என்று நாலு பேர் போனார்கள். ஐந்தாவது கார்னெட்.

---

பிடி டீச்சர் எழுதியது:

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ரானி ஃபீல்ட்ஸ். ஃபாரகட் பள்ளியில் கார்னெட்டோடு ஒரே அணியில் ஆடியவர். உயரம் குறைவு, ஆனால் அவர் குதிக்கிற குதியைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரும். அடுத்த வருடம், 1996 பிப்ரவரியில், கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. பிழைத்தார், திரும்ப ஆடவும் செய்தார். ஆனால் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆட வாய்க்கவில்லை. சின்ன லீக்குகளிலேயே அவர் காலம் போயிற்று.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே ஜிம், ஒரே கோச், ஒரே சீசன். ஒருவர் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெருமைப் பட்டியலில், இன்னொருவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறோம். "உழைத்தால் மேலே வரலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு ரானி ஃபீல்ட்ஸ் ஞாபகம் வந்துவிடும். அவரும் உழைத்தவர்தான்.

அந்தப் பெரிய 28-2 அணியும் மாநிலப் பட்டம் வாங்கவில்லை. மாநிலப் போட்டிக் காலிறுதியில் தார்ன்டன் பள்ளியிடம் தோற்றது. பள்ளிக்காலத்திலேயே கார்னெட்டுக்குப் பட்டமில்லாமல் வெளியே வருவது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

---

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்னெட் போய் ஒரு வருடத்துக்குள் கோபி பிரையன்ட், ஜெர்மெய்ன் ஓ'நீல் வந்தார்கள். 1997-ல் ட்ரேசி மெக்ரேடி. 2001-ல் க்வாமி பிரவுன் பள்ளியிலிருந்து வந்து முதல் இடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆள். 2003-ல் லெப்ரான், 2004-ல் டுவைட் ஹோவர்ட். இவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே ஆசையில் 1996-ல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த டாஜ் மெக்டேவிடை எந்த அணியும் எடுக்கவில்லை. 2002-ல் லெனி குக்கையும் எடுக்கவில்லை. பெயர் கொடுத்துவிட்டால் கல்லூரி அணிக் கதவும் பெரும்பாலும் சாத்திக்கொள்ளும். இரண்டும் போச்சு.

2005 ஒப்பந்தத்தில் லீக் இந்த வழியை மூடியது. 2006 டிராஃப்டிலிருந்து அந்த வருடத்துக்குள் வயது 19 நிரம்ப வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். இத்தனைக்கும் 1995 டிராஃப்ட் நாளில் கார்னெட்டுக்கு 19 நிரம்பியிருந்தது. வயது விதியில் தேறியிருப்பார், ஒரு வருட விதியில் மாட்டியிருப்பார்.

---

குளிர்நாட்டான் எழுதியது:

நான் மின்னசோட்டாவுல மினியாபொலிஸ் பக்கம் குடியிருக்கிறவன். டிம்பர்வுல்வ்ஸ் ஆடுற டார்கெட் சென்டர்ல அந்த மனுஷன் ஆடினதை மேல் வரிசை மலிவு டிக்கெட்ல உக்காந்து பாத்தவன். அதனால கொஞ்சம் உணர்ச்சியோடதான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

"வீண்"னு கேக்குறதே எனக்குப் பொறுக்கல. இவர் வர்றதுக்கு முன்னாடி டிம்பர்வுல்வ்ஸ் ஒரு தடவைகூட ப்ளேஆஃப் (சீசன் முடிஞ்சு பட்டத்துக்காக நடக்கற சுற்றுகள்) பாத்ததில்ல. 1989-ல ஆரம்பிச்ச டீம். இவர் வந்த முதல் வருஷம் 26 வெற்றிதான். டிசம்பர்ல கோச்சை மாத்தி ஃப்ளிப்பை உக்கார வச்சாங்க, அவர்தான் பையனை முதல் அஞ்சு பேர்ல நிறுத்தினார். அடுத்த வருஷம் ஸ்டெஃபான் மார்பரி வந்தான், 40 வெற்றி, முதல் ப்ளேஆஃப். அதுலேருந்து தொடர்ந்து எட்டு வருஷம் ப்ளேஆஃப். இந்த ஊர்ல ஜனவரில வெளியில கால் வைக்க முடியாது. அந்தக் குளிர்ல கூட்டம் வந்துச்சுன்னா அது ஒரே ஒரு ஆளுக்காகத்தான்.

ஆமா, அதுல முதல் ஏழு வருஷமும் முதல் சுற்றுலயே வெளிய வந்துட்டோம். தெரியும். நாங்க மறக்கல.

மாலிக் சீலி கதை தெரியுமா உங்களுக்கு? கார்னெட் 21-ம் நம்பர் போட்டதே சீலி மேல இருந்த அபிமானத்துல. செயின்ட் ஜான்ஸ் காலேஜ்ல சீலி போட்ட நம்பர் அது. அந்த சீலியே பின்னால இவரோட டீம்மேட்டா வந்து சேந்தார், 21 இவர்கிட்ட இருந்ததால 2 போட்டுக்கிட்டார். 2000 மே மாசம் கார்னெட்டோட பிறந்தநாள் விருந்து முடிஞ்சு வீட்டுக்குப் போற வழில, குடிச்சுட்டு எதிர்த்திசைல வந்தவன் மோதி சீலி இறந்துபோனார். பல வருஷம் கழிச்சு புரூக்ளின் போனப்போ கார்னெட் 2-ம் நம்பர் போட்டுக்கிட்டது அவருக்காக. இதையெல்லாம் தாங்கிக்கிட்டுத்தான் அந்த மனுஷன் தினமும் ராத்திரி 40 நிமிஷம் ஆடினார்.

2004-க்கு வர்றேன். சாம் கேசல், லட்ரெல் ஸ்ப்ரீவெல் ரெண்டு பேரும் வந்தாங்க. 58 வெற்றி, வெஸ்ட் பிரிவுல முதல் இடம். கார்னெட் 24.2 புள்ளி, 13.9 ரீபவுண்ட், 5 அசிஸ்ட், லீக்கோட எம்விபி (சிறந்த வீரர் விருது). ரெண்டாவது சுற்று, சாக்ரமென்டோவோட கடைசி, ஏழாவது ஆட்டம், மே 19. அவரோட 28-வது பிறந்தநாள். 32 புள்ளி, 21 ரீபவுண்ட், 5 ப்ளாக், 4 ஸ்டீல் (பந்தைப் பறிச்சது). 83-80. கடைசி நொடில கிறிஸ் வெபர் சமன் பண்ண ஒரு மூணு பாயிண்ட் போட்டான், வளையத்துக்குள்ள பாதி போயிட்டு வெளிய சுத்தி வந்துச்சு. கார்னெட் ஸ்கோரர் மேஜை மேல ஏறி நின்னு கத்தினார். அந்தச் சத்தத்தை நான் வாழ்நாள்ல மறக்க மாட்டேன்.

அடுத்த சுற்றுல லேக்கர்ஸ்கிட்ட 4-2 தோல்வி. கேசலுக்கு இடுப்புல அடி, ஓட முடியல. சில ஆட்டத்துல கார்னெட்டே பந்தைத் தட்டிக்கிட்டு மேல கொண்டு வந்தார். ஏழடி ஆள், பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துற பாயிண்ட் கார்ட் வேலையும் சேத்துப் பாத்தார். இதை வீண்னு சொல்லாதீங்க.

---

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

குளிர்நாட்டான் சார், உங்கள் உணர்ச்சியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஏன் சரியில்லை என்று கேட்க வேண்டும்.

1997-ல் அணி கொடுக்க வந்தது ஆறு வருடத்துக்கு 103.5 மில்லியன் டாலர். கார்னெட் தரப்பு மறுத்தது. கடைசியில் 126 மில்லியனுக்குக் கையெழுத்து. அன்றைய ஓனர் கிளென் டெய்லர் மொத்த அணியையும் வாங்கியதே சுமார் 88 மில்லியனுக்கு. 21 வயதுப் பையனின் சம்பளம் அணியின் விலையைத் தாண்டியதைப் பார்த்து மற்ற ஓனர்கள் எல்லோரும் அரண்டார்கள். 1998-ல் சம்பளத் தகராறில் ஆட்டங்களை நிறுத்தி லீக்கையே பூட்டினார்கள். 1999-ல் திறந்தபோது வெறும் 50 ஆட்ட சீசன், தனி வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு. அந்த வரம்பால் மார்பரிக்கு கார்னெட் அளவு வாங்க வழியில்லை. அவர் 1999 மார்ச்சில் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார்.

பிறகு ஜோ ஸ்மித் விவகாரம். அணியின் மொத்தச் சம்பள வரம்பைச் சுற்றிப் போக அணி நிர்வாகம் அவரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டது. 2000-ல் மாட்டிக்கொண்டது. 3.5 மில்லியன் அபராதம், முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் ஐந்து பறிபோனது. பிறகு இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், மூன்று போனது போனதுதான். இளம் ரத்தம் வர வேண்டிய வழியே அடைபட்டது.

இதெல்லாம் தெரிந்தும் 2003-ல் கார்னெட் மறுபடி ஐந்து வருடம், 100 மில்லியன் நீட்டிப்பு போட்டார். யாரும் கட்டிப்போடவில்லை, அவரே இருந்தார். அப்படியானால் அந்தக் காலத்துக்கு அவருக்கும் பங்கு உண்டு.

---

ரீபவுண்ட் ராசா எழுதியது:

ஸ்கோர்புக் சார், சம்பளக் கணக்கு சரி. ரகசிய ஒப்பந்தம் போட்டது அவரா? அதைப் போய் அவர் தலையில் கட்ட முடியாது. மார்பரி போனதில் வீட்டுக்குப் பக்கத்தில் ஆட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 126 மில்லியன் கேட்டது தவறு என்றால், கொடுத்தவர் கையெழுத்துக்கு என்ன பெயர்?

அவர் விரும்பித்தான் இருந்தார் என்பதை மறுக்கவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

---

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

நீங்கள் குறையாக நினைக்காமல் இருக்கலாம், ராசா. அவரே நினைத்தார். 2010-ல் பாஸ்டன், லெப்ரான் ஆடிய கிளீவ்லாந்தை வெளியேற்றிய அன்று, லெப்ரான் இனி என்ன செய்வார் என்று கார்னெட்டிடம் கேட்டார்கள். விசுவாசம் சில நேரம் நம்மையே காயப்படுத்தும், போன இளமை திரும்பி வராது, இப்போது தெரிந்தது அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் முன்னாலேயே கிளம்பியிருப்பேன் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். அந்தக் கோடையில் லெப்ரான் மயாமி போனார்.

அதற்கும் முன்னால், 2005-ல், ஜான் தாம்ப்சனோடு ஒரு டிவி பேட்டி. தோற்றுக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லும்போது கண்ணீர் வழிகிறது. துடைக்கக்கூட இல்லை. கையில் எம்விபி விருதும் வருடத்துக்குச் சராசரி இருபது மில்லியன் ஒப்பந்தமும் இருக்கிற ஆள்.

---

குளிர்நாட்டான் எழுதியது:

அந்தப் பேட்டி எனக்கும் தெரியும். 2004-க்கு அப்புறம் மூணு வருஷம் ப்ளேஆஃப்பே இல்ல. 2007-ல அவர் போனப்போ இந்த ஊர்ல யாரும் அவரைத் திட்டல. எங்க கோபமெல்லாம் ஓனர் மேலதான். போய் ஜெயிச்சுட்டு வான்னுதான் நினைச்சோம். இதுக்கு மேல எனக்கு வாதம் பண்ணத் தெரியல.

---

பச்சைச் சட்டை எழுதியது:

ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டிருக்கேன், இப்ப என் முறை. பாஸ்டன் ரசிகன்.

2006-07-ல எங்க நிலைமை தெரியுமா? 24 வெற்றி, 58 தோல்வி. நடுவுல தொடர்ச்சியா 18 தோல்வி. பால் பியர்ஸ் அடிபட்டு உக்காந்திருந்தார். டிராஃப்டுல முதல் ரெண்டு இடத்துல ஒண்ணு வரும்னு நம்பினோம், அஞ்சாவது கெடச்சுது. அந்த அஞ்சாவதைக் கொடுத்து சியாட்டில்லேருந்து ரே ஆலனை வாங்கினார் எங்க மேனேஜர் டேனி எய்ஞ்ச்.

கார்னெட் முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னார். ஆலன் வந்த பிறகுதான் மனசு மாறினார். 2007 ஜூலை 31, ஒரு ஆளுக்கு அஞ்சு ஆள், கூட ரெண்டு முதல் சுற்றுத் தேர்வு. அல் ஜெஃபர்சன், ரையன் கோம்ஸ், செபாஸ்டியன் டெல்ஃபேர், ஜெரால்ட் க்ரீன், தியோ ராட்லிஃப். ஒத்தை ஆளுக்காக இத்தனை பேரை லீக்ல அதுக்கு முன்னாடி யாரும் கொடுத்ததில்ல. அந்தப் பக்கம் பேசினது யாரு? மெக்ஹேல். எய்ஞ்சும் மெக்ஹேலும் எண்பதுகள்ல ஒண்ணா பாஸ்டன்ல ஆடினவங்க. மெக்ஹேல் பழைய சிநேகிதனுக்கு தூக்கிக் கொடுத்துட்டார்னு மின்னசோட்டாக்காரங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

66 வெற்றி, 16 தோல்வி. ஒரே வருஷத்துல 42 வெற்றி கூடுச்சு. லீக் வரலாற்றுல அதுதான் பெரிய தாவல்.

இப்ப "ஒட்டிக்கிட்டு வாங்கினவர்"ங்கிற பேச்சுக்கு வர்றேன். 2006-07-ல மின்னசோட்டால கார்னெட் 22.4 புள்ளி, 12.8 ரீபவுண்ட். பாஸ்டன்ல 18.8, 9.2. எல்லாம் இறங்குச்சு. அந்த வருஷம் லீக்கோட சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது அவருக்குத்தான். செல்டிக்ஸ் வரலாற்றுல அதுக்கு முன்னாடி யாரும் அதை வாங்கினதில்ல. எங்க துணைக் கோச் டாம் திபடோ போட்ட டிஃபென்ஸ் திட்டத்துக்கு நடுத்தூண் இவர்தான்.

மைதானத்துல என்ன பண்ணுவார்னு சொல்றேன். எதிரணி ஸ்க்ரீன் (நம்ம ஆளை மறிச்சு நிக்கறது) வைக்கப் போறான்னா அது வைக்கிறதுக்கு முன்னாடியே பின்னாலேருந்து இவர் குரல் கேக்கும். டீம்மேட் ரான்டோவுக்கு இடதா வலதான்னு சொல்லுவார், பெர்கின்ஸை இழுத்து நிறுத்துவார், பந்து வச்சிருக்கறவனை ரெண்டு எட்டு வெளிய தள்ளிட்டு தன் ஆள்கிட்ட ஓடி வந்துடுவார். டிவில மைக் வழியா அந்தக் குரல் தெளிவா கேக்கும். விசில் அடிச்ச பிறகு எதிரணி ஆள் சும்மா ஒரு ஷாட் போட்டுப் பாத்தாக்கூட குதிச்சுத் தட்டிவிட்டுடுவார். பந்து உள்ள போறதை அவன் கண்ணு பாக்கவே கூடாதுன்னு.

---

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

பச்சைச் சட்டை கொடுத்த அந்த ஐந்து பெயரில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜெஃபர்சனும் டெல்ஃபேரும் 2004-ல் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். க்ரீன் 2005-ல் அப்படியே வந்தவர். கார்னெட்டுக்குப் பக்கத்தில் நின்ற பெர்கின்ஸும் 2003-ல் பள்ளியிலிருந்து வந்தவர்தான். 1995-ல் இவர் திறந்த கதவு வழியாக வந்த மூன்று பையன்களைக் கொடுத்துத்தான் 2007-ல் இவரை வாங்கினார்கள்.

---

பிடி டீச்சர் எழுதியது:

இதைக் கோர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை, சார்.

பச்சைச் சட்டை சொன்ன அந்தக் குரல் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டுகிறேன். டிஃபென்ஸில் பேசு, பேசு என்று பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கத்துகிறோம். பேச மாட்டார்கள். கூச்சம், இல்லாவிட்டால் சொன்னது தப்பாகிவிடுமோ என்ற பயம். பேச வேண்டுமானால் எதிரணி அடுத்து என்ன செய்யப் போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது ஒரே வருடத்தில் வருவதல்ல. மின்னசோட்டாவில் ஒரு சீசனில் டங்கனோடு, இன்னொரு சீசனில் வெபரோடு, ஷாகிலோடு, நோவிட்ஸ்கியோடு என்று எதிரணிப் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதிக் கற்றுக்கொண்டதைத்தான் 2008-ல் பாஸ்டனில் வாய்விட்டுச் சொன்னார். ராசா, "ஒரே ஆட்டக்காரர்" என்ற உங்கள் வாதத்தில் இந்த ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். 1997-ல் அவரைப் பாஸ்டனில் கொண்டுபோய் விட்டிருந்தால் அந்த டிஃபென்ஸ் வந்திருக்காது.

அப்படிப் பார்த்தால் 12 வருடம் வீணில்லை என்பதற்கு உங்களுடையதைவிட இது வலுவான காரணம்.

---

ரீபவுண்ட் ராசா எழுதியது:

டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன். நான் 2004-ஐயும் 2008-ஐயும் மட்டும் பக்கத்தில் வைத்தேன். 1997-ஐயும் சேர்த்தால் நீங்கள் சொல்வதுதான்.

---

புது ஆட்டக்காரன் எழுதியது:

ஆனா பைனல்ஸ் எம்விபி பியர்ஸுக்குத்தானே கொடுத்தாங்க? அப்ப அந்தக் கோப்பை யாரோடது?

---

பச்சைச் சட்டை எழுதியது:

ஆமாப்பா, பியர்ஸுக்குத்தான், அது நியாயமும்கூட. அந்த ப்ளேஆஃப் ஒண்ணும் சுலபமா போகல. அட்லாண்டா மாதிரி டீமே எங்களை ஏழாவது ஆட்டம் வரைக்கும் இழுத்துச்சு. கிளீவ்லாந்தும் ஏழு. அந்த ஏழாவதுல லெப்ரான் 45 அடிச்சான், பியர்ஸ் 41 அடிச்சுத் திருப்பிக் கொடுத்தார். முதல் ரெண்டு சுற்றுலயும் வெளியூர்ல ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. டெட்ராய்ட்டை ஆறுல முடிச்சோம். ஃபைனல்ல லேக்கர்ஸோட நாலாவது ஆட்டத்துல 24 புள்ளி பின்தங்கியிருந்து 97-91 ஜெயிச்சதுலதான் எல்லாம் திரும்புச்சு. அன்னிக்கு ஜேம்ஸ் போஸி, எடி ஹவுஸ்னு பெஞ்சுலேருந்து வந்தவங்க அடிச்ச ஷாட்டுகளை நாங்க இன்னும் பேசுவோம்.

ஆறாவது ஆட்டம் பாஸ்டன்ல. பாதில 58-35. முடிவுல 131-92. கார்னெட் 26 புள்ளி, 14 ரீபவுண்ட். அதுல ஒண்ணு, ரெண்டாவது கால்பகுதில, ஃபவுல் வாங்கி விழுந்துக்கிட்டே ஒத்தைக் கையால போர்டுல அடிச்சுப் போட்டது. உள்ள போயிடுச்சு. கீழ கிடந்தபடியே கத்தினார்.

யாரோட கோப்பைன்னு கேட்டா, புள்ளி வேணும்ங்கிற நேரத்துல பியர்ஸ் கொடுத்தார். சீசன் முழுக்க எதிரணியைத் திணறடிச்சது கார்னெட் வச்ச டிஃபென்ஸ். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா ஒண்ணுமில்ல.

ஆட்டம் முடிஞ்சதும் பேட்டி எடுக்க மைக்கை நீட்டினாங்க. கொஞ்ச நேரம் வார்த்தையே வரல. அப்புறம் தலையை மேல தூக்கி, எதுவும் நடக்கும், எதுவும் நடக்கும்னு கூரையைப் பாத்துக் கத்தினார். பாஸ்டனோட பழைய ஜாம்பவான் பில் ரஸ்ஸல் அங்க இருந்தார். அதுக்கு முன்னாடி ஒரு பேட்டில, உனக்கு சாம்பியன் மோதிரம் கெடைக்கலைன்னா என்கிட்ட இருக்கறதுல ஒண்ணைப் பகிர்ந்துக்கறேன்னு கார்னெட்கிட்ட சொன்னவர். பதினோரு மோதிரம் வச்சிருந்த மனுஷன். அன்னிக்கு கார்னெட் அவரைக் கட்டிப் பிடிச்சு, எனக்கு சொந்தமாவே கெடைச்சுடுச்சு, உங்களைப் பெருமைப்படுத்தினோம்னு நம்புறேன்னு சொன்னார்.

"ஒட்டிக்கிட்டு வாங்கினவர்"னு சொன்னவரை அந்த ரெண்டு நிமிஷ வீடியோவைப் பாக்கச் சொல்லுங்க.

---

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

ஒட்டிக்கொண்டார் என்று நானும் சொல்லவில்லை. என் குறை அவர் 2005-லேயே கிளம்பவில்லை என்பது மட்டும். 2009-ல் முழங்கால் போய்விட்டது, அந்த வருட ப்ளேஆஃப் முழுக்க உட்கார்ந்திருந்தார். 2010 ஃபைனலில் லேக்கர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் 83-79 தோல்வி, பெர்கின்ஸ் அன்று ஆடவில்லை. இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் நல்ல முழங்காலோடு இன்னும் ஒன்றோ இரண்டோ கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. டீச்சர் சொன்ன வாதத்துக்குப் பிறகும் இந்த இடத்தில் நான் அசையவில்லை.

---

குளிர்நாட்டான் எழுதியது:

சார், அது உங்க பக்கம், இருக்கட்டும். 2015 பிப்ரவரில அவர் திரும்ப இங்கயே வந்தார். கூப்பிட்டது ஃப்ளிப். வந்த ராத்திரி டார்கெட் சென்டர் எப்படி அலறுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். வயசு 38, ஓட முடியல, புள்ளி அடிக்கல. சின்னப் பசங்களுக்கு டிஃபென்ஸ்ல எங்க நிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அந்த அக்டோபர்ல ஃப்ளிப் புற்றுநோய்ல போயிட்டார். அடுத்த வருஷம் கார்னெட் ஓய்வு அறிவிச்சார்.

---

புது ஆட்டக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் இவர் ஆட்டம் ஒண்ணுகூட முழுசா பாத்ததில்ல. எதுல ஆரம்பிக்கட்டும்?

---

பிடி டீச்சர் எழுதியது:

தம்பி, 2004 சாக்ரமென்டோ ஏழாவது ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். அது அவர் தனியாளாகத் தூக்கியது. பிறகு 2008 ஃபைனல் நாலாவது ஆட்டம், இரண்டாம் பாதி மட்டும் போதும். அதைப் பார்க்கும்போது பந்தைப் பின்தொடராதீர்கள், பாஸ்டனில் கார்னெட் போட்ட ஐந்தாம் நம்பரை மட்டும் பாருங்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது அவர் கை எங்கே காட்டுகிறது, வாய் என்ன செய்கிறது என்று. முடிந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

---

பச்சைச் சட்டை எழுதியது:

டீச்சர் சொன்னதுக்கப்புறம் ஆறாவது ஆட்டமும் பாத்துடுப்பா. முழுசா.